பிள்ளைமேடு

கல்லேரியைப் பார்த்துவிட்டு, 'ஆகா, என்ன அழகு' என்று வாய் பிளக்கிறவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அழகுதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் அதன் கரையிலேயே டீக்கடை வைத்து உட்கார்ந்திருந்தவன் நான். விடிந்தால் அதன் முகத்தில்தான் விழிப்பேன். ஆனால் அடியில் என்ன கிடக்கிறது என்று தெரிந்த பிறகு, மேலே தெரிகிற அழகைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

என் பெயர் பஞ்சாட்சரம். ஊர் மலையடிவாரத்துச் சந்தவாசல். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கிக் காட்டுப் பாதையில் போனால், கால் கெஞ்ச ஆரம்பிக்கிற இடத்தில் கல்லேரிப்பட்டு வரும். எழுபத்தெட்டில் அங்கே ஏரிக்கரையை உயர்த்தும் வேலை நடந்தது. கூலிக்கு மண் சுமக்க ஊரே திரண்டது. கூட்டம் இருக்கிற இடத்தில் டீ விற்கும் என்று நானும் பாய்லரைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறினேன். வேலை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் நான் மட்டும் ஏனோ இறங்கவில்லை.

ஏரிக்கு மூன்று பக்கமும் மலை. மேற்கே இருப்பதற்கு ஆனைமுதுகு என்று பெயர், கிழக்கே மொட்டைக்குன்று. வடக்கே இரண்டும் தாழ்ந்து சேருகிற இடத்திலிருந்து இரண்டு ஓடைகள் இறங்கி வரும். காட்டில் உதிர்ந்து மக்கிய இலையை எல்லாம் அரித்துக்கொண்டு வருவதால், ஏரிக்குள் படிகிற வண்டல் அடுப்புக்கரி மாதிரிக் கறுப்பாக இருக்கும். தெற்கே இரண்டு பாறைகளுக்கு நடுவில் கரை. ஏரி நிரம்பினால் கிழக்குப் பாறை மேல் வழிந்து காட்டுக்குள் விழுந்து கீழ்நாட்டுக்குப் போய்விடும். ஆனைமுதுகின் நிழல் சீக்கிரமே தண்ணீர் மேல் சாய்ந்துவிடுவதால், மற்ற ஊரில் வெயில் அடிக்கும்போதே எங்களுக்குப் பொழுது இறங்கிவிடும். கார்த்திகையில் மூடுபனி வந்தால் எதிர்க்கரையே இருக்காது. அங்கே மாடு கத்துவது மட்டும் கேட்கும்.

அந்த எதிர்க்கரையில், வடக்கே, ஒரு செம்மண் மேடு இருந்தது. மேட்டின்மேல் ஒற்றை நாவல் மரம். அதைத்தான் பிள்ளைமேடு என்பார்கள். பல் விழாத பிள்ளை செத்துப்போனால் அந்த ஊரில் பெரியவர்களோடு புதைப்பதில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்கிற இடத்தில், இந்த மேட்டில், புதைத்துத் தலைமாட்டில் ஒரு ஓடைக்கல்லை நட்டுவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒப்பாரியும் கிடையாது. தாய் அழுதால் பிள்ளை போகிற வழி வழுக்கும் என்பார்கள். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

ரத்தினம்மாளின் மகன் சின்னராசு அங்கேதான் இருந்தான். நாலு வயசில் காய்ச்சல். தூக்கிக்கொண்டு ஜமுனாமரத்தூருக்கு நடந்தவர்கள் பாதி வழியிலேயே திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. இதெல்லாம் நான் மலை ஏறுவதற்கு நாலு வருஷம் முன்னால் நடந்தது.

நான் பார்த்த ரத்தினம்மாள் நெடுநெடுவென்று உயரமாக, யாரிடமும் அதிகம் பேசாமல், மற்றவர்கள் ஒரு கூடை சுமக்கிற நேரத்தில் இரண்டு கூடை சுமக்கிறவள். ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரி வைக்க அவளுக்குத்தான் ஆள் வரும். அப்படி ஒரு குரல். அவள் முதல் அடியை எடுத்தால், செத்தவனோடு பத்து வருஷம் பேசாமல் இருந்த பங்காளிகூட மூக்கைச் சிந்துவான்.

கரை பாதி உயர்ந்த பிறகுதான், புதுத் தண்ணீர் பிள்ளைமேட்டுக்கு மேலே நிற்கும் என்பது ஊருக்குத் தெரிந்தது. தண்ணீர் மட்டத்துக்கு ஓவர்சியர் அடித்துவிட்டுப் போன முளைக்குச்சி நாவல் மரத்தின் தூருக்கும் மேலே நின்றது. முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஊர்க்கவுண்டர் ராஜவேலு ஊரைக் கூட்டி ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் தகப்பன் தலைமாட்டிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, புதுச் சட்டியில் வைத்து, ஆனைமுதுகு அடிவாரத்தில் புதைத்து மறுபடி கல் நட வேண்டும். தகப்பன் செத்திருந்தால் பங்காளி எடுக்கலாம். தகப்பன் உயிரோடு இருக்கும்போது வேறு ஒருத்தன் எடுத்தால் அவனை உயிரோடு கொன்ற மாதிரி. தாய் மட்டும் தொடவே கூடாது. தொட்டால் பிள்ளை மடிக்குத் திரும்பி வந்து, அடுத்ததைத் தங்க விடாது.

எல்லா வீட்டிலும் மண் எடுத்தார்கள். ரத்தினம்மாளின் புருஷன் கோபால்சாமி அப்போது குடகில் காப்பித் தோட்டத்தில் இருந்தான். குடகுக்குப் போகிறவர்கள் மூலம் சேதி சொல்லி அனுப்பினாள். அவன் வரவில்லை. ஆடியிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஓடைகள் இரண்டும் பொங்கி வந்தன. கடை வாசலில் நின்று அவள் எதிர்க்கரையையே பார்ப்பாள். தண்ணீர் மேட்டின் ஓரத்தைத் தொட்டது. பிறகு கற்களைத் தொட்டது. பிறகு நாவல் மரம் மட்டும் தண்ணீருக்குள் நின்றது.

கோபால்சாமி ஐப்பசியில் வந்தான். தோளில் ஒரு கம்பளி, நெஞ்சில் ஒரு இருமல். தோட்டத்தில் படுக்கையாகக் கிடந்திருக்கிறான். சேதி கிடைத்தும் எழுந்திருக்க முடியவில்லையாம். கரைமேல் நின்று பார்த்தான். அவள் அவனைத் திட்டவில்லை.

"நான் சொமந்து போட்ட மண்ணுதான் இந்தக் கரை" என்றாள். "யாரச் சொல்றது?"

அடுத்த வருஷமே நாவல் மரம் பட்டுப்போனது. மொட்டைக் கிளையில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து உட்கார்ந்திருக்கும். பொங்கலுக்கு மறுநாள் மற்ற தாய்கள் அடிவாரத்துக் கற்களுக்குச் சாமைச் சோறு வைப்பார்கள். ரத்தினம்மாள் ஒரு பிடி சோற்றைத் தண்ணீரில் வீசிவிட்டு வருவாள். மீன்கள் சாப்பிட்டுவிட்டுப் போகும். ஊரில் எல்லா வீட்டுப் பிள்ளையும் மேடேறியாயிற்று, தன் பிள்ளை மட்டும் குளிர்ந்த தண்ணீருக்குள் என்பது அவளைத் தின்றுகொண்டிருந்தது. அந்த ஒரு பிடி மண், அது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. அடுத்த சித்திரையில் ஏரி பின்வாங்க ஆரம்பித்தது. சாமை கருகியது. மாட்டுக்குப் புல் இல்லை. பலா பிஞ்சிலேயே உதிர்ந்தது. ஊர் முழுக்க அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி மட்டும் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாவல் மரத்தின் தூர் வெளியே வந்த அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஊர் காய்கிறபோது இவளுக்கு என்ன வந்தது என்று எனக்கு ஆத்திரம்கூட வந்தது. பிறகுதான் புரிந்தது.

மேடு வெளியே வந்தது. ஆனால் பழைய மேடாக வரவில்லை. மேலே முழங்கால் அளவுக்குக் கறுப்பு வண்டல் மூடியிருந்தது. ஒரு கல்லும் தெரியவில்லை. சுற்றிலும் சேறு, ஓரத்தில் இறங்கிய ஒரு எருமையை ஊரே சேர்ந்துதான் இழுத்தது. இன்னும் கொஞ்சம் வெயில் காய்ந்தால் நடக்கலாம் என்றான் கோபால்சாமி.

அந்த நேரம் பார்த்து ஊரில் மழைச்சோறு எடுப்பது என்று முடிவானது. பெண்கள் வீடு வீடாகப் போய்க் கூழும் சோறும் வாங்கி, ஏரிக்குள் காய்ந்த இடத்தில் உட்கார்ந்து, உப்பில்லாமல் தின்று, சாவு விழுந்த மாதிரி மழையை நினைத்து ஒப்பாரி வைக்க வேண்டும். முதல் அடி எடுக்க யாரைக் கூப்பிடுவார்கள்? அம்சவல்லியோடு நாலைந்து பெண்கள் வந்து ரத்தினம்மாளைக் கேட்டார்கள். அம்சவல்லி அடுத்த வீட்டுக்காரி, வாய்க்காரி.

"தொண்ட கட்டிக்கினுகீது" என்றாள் ரத்தினம்மாள். "வேற யாரையாவது பாருங்க."

"உன் தொண்டய உட்டா இந்த ஊர்ல வேற இன்னா தொண்ட கீது? சுக்கு வெச்சுக் குடி. நாங்க காத்துக்கினு இருக்கோம்."

காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவளும் சுக்கைக் குடிக்கவில்லை. வெயில் காய்ந்தது, சேறு இறுகியது. இன்னும் ஒரு வாரம் போனால் கோபால்சாமி நடந்து போய்விடுவான். மழை வேண்டாம் என்று ஊரில் யாராவது வாயைத் திறந்து சொல்ல முடியுமா? அவளால் சொல்ல முடியவில்லை.

ஒரு நாள் காலையில் அம்சவல்லி ஏரிக்குள் இருந்த குட்டையில் பச்சைத் தண்ணீரைச் சேலையில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பில் இருந்த பெண் குழந்தை வயிற்றுப்போக்கில் துவண்டு, தலை தோளில் நிற்காமல் தொங்கியது. ரத்தினம்மாள் அதைப் பார்த்தாள். கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"செத்துப்போன புள்ளைக்காவ உசுரோட கீற புள்ளையக் காய உடறதா, பஞ்சாட்சரம்?"

டீயை ஆற்றிக் கொடுத்தேன். குடிக்காமலே எழுந்து போனாள். மறுநாள் மழைச்சோறு.

அந்த அழுகையை நான் கரைமேல் நின்று கேட்டேன். மற்ற பெண்கள் மழையை வா என்றார்கள், ஊரை விட்டுப் போகிறோம் என்றார்கள். அவள் வேறு எதையோ பாடினாள்.

"குளுந்த தண்ணிக்குள்ள குடிவெச்சேன் உன்ன நான்
போத்தத் துணியில்ல, பொழுதெல்லாம் ஈரமடா..."

மழையை யாராவது 'அடா' போட்டுக் கூப்பிடுவார்களா? ஒவ்வொரு பெண்ணாகப் பாடுவதை நிறுத்தினாள். கடைசியில் அவள் குரல் மட்டும் ஆனைமுதுகில் பட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒன்பது வருஷமாக வைக்காத ஒப்பாரி. யாரும் தடுக்கவில்லை; மழைக்குத்தானே அழுகிறாள் என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்தது.

இரண்டு நாளில் மொட்டைக்குன்றுக்கு மேலே கறுத்தது. கோபால்சாமி சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். வடகரையிலிருந்து சேற்றில் இறங்கினான். இடுப்பு வரைக்கும் போனது. விழுந்தான், எழுந்தான், இருமினான். மேட்டுக்குப் பாதி தூரம் இருக்கும்போது குனிந்து சட்டியை நிரப்பிக்கொண்டு திரும்பினான். இந்தக் கரையிலிருந்து பார்க்க ஆள் எறும்பு மாதிரித்தான் தெரிந்தான். ஆனால் அவன் நின்ற இடத்துக்கும் பட்ட மரத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது எனக்கே தெரிந்தது.

உடம்பெல்லாம் சேறாக, பல் கிட்டித்துப்போய் வந்து, என் கடை வாசலில் நின்ற ரத்தினம்மாளிடம் சட்டியை நீட்டினான்.

"எங்க எடுத்த?" என்றாள்.

"நம்ம பையன் தலமாட்லதான்."

சட்டிக்குள் இருந்தது கறுப்பு வண்டல். துளி சிவப்பு இல்லை. அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி, வா. வெந்நி வெச்சிக்கீறேன்" என்றாள்.

மழை கொட்டத் தொடங்குவதற்கு முன்னால் அடிவாரத்தில் அதைப் புதைத்துக் கல் நட்டார்கள். ஏரி நிரம்பியது. அம்சவல்லியின் குழந்தை பிழைத்துக்கொண்டது. ஊரே ரத்தினம்மாளைக் கொண்டாடியது.

"உன் அழுகதாண்டி மழயக் கொண்டாந்துச்சு" என்றாள் அம்சவல்லி, கடை வாசலில் பத்துப் பேருக்கு முன்னால்.

"நான் அழுததாலயா வந்துச்சு?"

"பின்ன? சும்மாவா வந்துச்சு?"

அவளைப் பாராட்டுவதாக நினைத்துச் சொன்ன பேச்சு அது. ஈட்டியைச் செருகினால்கூட அவ்வளவு ஆழம் போயிருக்காது. அதற்குப் பிறகு நாலு வருஷம் அவள் எந்தச் சாவு வீட்டிலும் வாய் திறக்கவில்லை. ஆள் அனுப்பிப் பார்த்து அலுத்துவிட்டார்கள். பொங்கலுக்கு மறுநாள் புருஷனோடு போய் அடிவாரத்துக் கல்லுக்குச் சோறு வைப்பாள். பிறகு தனியாக வந்து, அவன் பார்க்காத நேரத்தில், ஏரியிலும் ஒரு பிடி வீசுவாள். நான் பாய்லரைத் துடைக்கிற மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எண்பத்தேழில் மறுபடியும் அதே கதை. மழை இல்லை. ஏரி சுருங்கியது. நாவல் மரத்தின் தூர் வெளியே வந்தது. ஒரு மத்தியானம் ஊர்க்கவுண்டர் ராஜவேலுவே பெண்களைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். ரத்தினம்மாளும் கோபால்சாமியும் விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ம்மா ரத்தினம், நீ வந்து அழுதாதான் ஆவும்" என்றார் கவுண்டர். "ஊரு தாங்காது."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அழுவுறேங்க. ஆனா இப்ப இல்ல. அந்த மேடு காயட்டும். எம்புள்ள இன்னும் தண்ணிக்குள்ளதான் கீறான். அவன எடுத்துக்கினு வந்துட்டு அப்புறம் அழுவுறேன்."

பெஞ்சில் இருந்த கோபால்சாமியின் டம்ளரிலிருந்து டீ சிந்தியது.

"அப்ப... ஒனக்குத் தெரியுமா?" என்றான்.

"செம்மண்ணு எது, கரிமண்ணு எதுன்னு தெரியாமயா இந்தக் கரைக்குச் சொமந்தேன்? நீ நெஞ்சு வரைக்கும் நனஞ்சு வந்து நின்ன. இன்னா கேக்கச் சொல்ற?"

அவன் முகத்தை மூடிக்கொண்டான். கவுண்டர் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

"அடுத்த சந்தை வரைக்கும் பொறுக்கறோம்" என்றார் கவுண்டர் கடைசியில். "ஆனா நீ தொடக்கூடாதும்மா. அவந்தான் எடுக்கணும்."

"அவரால ஆவாதுங்க. நான்தான் எடுப்பேன். எனக்கு இனிமே இன்னா பொறக்கப் போவுது, தங்காமப் போறதுக்கு?"

கவுண்டர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மறுநாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் வடகரையிலேயே இருந்தார்கள். அவன் இருமிக்கொண்டே மூங்கில் வெட்டிப் பிளந்தான். அவள் தட்டியாகப் பின்னிச் சேற்றின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, உண்ணிச்செடிக் கட்டுகளை அடியில் அமுக்கி, நடக்கிற மாதிரி வழி செய்துகொண்டு போனாள். நான் டீயைத் தூக்குப் போசியில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவேன். மனசுக்குள் 'சீக்கிரம், சீக்கிரம்' என்றுதான் ஓடும். அந்த ஒன்பது வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. பையனுக்கு எந்தக் காது பெரிசு என்றுகூட ஒரு வாக்குவாதம் நடந்தது.

தட்டி வழி மேட்டைத் தொட்ட அன்றைக்குக் காலையில் வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. அவள் மண்வெட்டியும் புதுச் சட்டியுமாக மேட்டில் ஏறினாள். மரத்தின் தூரிலிருந்து கணக்குப் பார்த்து ஒரு இடத்தில் வெட்ட ஆரம்பித்தாள். வண்டல் பசை மாதிரி வந்துகொண்டே இருந்தது. நாலு வருஷத்தில் இன்னும் கனத்திருந்தது. ஒரு இடத்தில் சிவப்புத் தெரியவில்லை, பக்கத்தில் வெட்டினாள். அங்கேயும் இல்லை. அவனும் தட்டி மேலே தவழ்ந்து போய்க் கையாலேயே அள்ளி வெளியே போட்டான். மத்தியானத்துக்குள் மேட்டில் நாலைந்து குழிகள்.

வடக்கே மலை தாழ்கிற பக்கம் காற்று திரும்பியதை நான் கரையிலிருந்து உணர்ந்தேன். சந்தைக்கு இன்னும் நாள் இருந்தது. மழைச்சோறு எடுக்கவில்லை, யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மொட்டைக்குன்று மறைந்தது. பிறகு கல்லெறிகிற மாதிரி மழை விழுந்தது.

ஊர் ஜனம் கரைமேல் ஓடி வந்து கூச்சல் போட்டது. எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. சுற்றுவழியாக வடகரைக்கு ஓடினேன். அதற்குள் ஓடைகள் புதுத் தண்ணீரோடு இறங்கிவிட்டன. குழிகள் நிரம்பின. தட்டிகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதந்தன. கடைசித் தட்டி போவதற்குள் அவனை இழுத்துக்கொண்டு கரை ஏறிவிட்டாள். காலிச் சட்டி கையில் இருந்தது. அதற்குள்ளும் மழை விழுந்துகொண்டிருந்தது.

தண்ணீர் மேட்டை மூடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புருஷனிடம் கேட்டாள்.

"போன தடவயும் நான் அழுவாமலே வந்திருக்கும், இல்ல?"

அவன் ஏரியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "வந்திருக்கும்" என்றான்.

"நாலு வருஷமா நான்தான் அவன முழுவடிச்சேன்னு இருந்தேன்யா."

அவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அவள் சட்டியைக் கவிழ்த்து அவன் தலைமேல் பிடித்துக்கொண்டு, வழுக்குகிற பாதையில் அவனை முன்னால் நடக்கவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.